குணமாகும் குடலுக்கு எதைக் கொடுப்பது?



வைரஸ் காய்ச்சலோ, வாந்திபேதியோ, கோவிட்டோ வந்துபோன வீடுகளில் ஒரு புதுப் பழக்கம் வேரூன்றியிருக்கிறது. காய்ச்சல் மாத்திரையோடு 'நல்ல பாக்டீரியா' என்று ஒரு பொட்டலமோ, கேப்ஸ்யூலோ, சின்ன பிளாஸ்டிக் குப்பியோ சேர்ந்தே வீட்டுக்கு வருகிறது. சில நேரம் மருத்துவர் எழுதித் தருகிறார். சில நேரம் மருந்துக் கடைக்காரரே எடுத்துக் கொடுக்கிறார். சில நேரம் பக்கத்து வீட்டு அக்கா சொல்லி வாங்குகிறார்கள். "டாக்டர், இதைக் குடிச்சா சீக்கிரம் தெம்பு வருமா?" என்று வெளிநோயாளர் பிரிவில் என்னிடம் கேட்காத நாள் இல்லை. இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இதையே இன்றைய தலைப்பாக எடுத்துக்கொண்டேன்.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பாக்டீரியாக்களால் பலன் உண்டு. ஆனால் அந்தப் பலன் ஒரு குறிப்பிட்ட பாக்டீரியாவை, ஒரு குறிப்பிட்ட நோய்க்கு, குறிப்பிட்ட மக்களிடம் கொடுத்துப் பார்த்தபோது கிடைத்தது. ஹாங்காங்கில் பெரியவர்களிடம் கண்டதை வேலூர்க் குழந்தைக்கும், வேலூரில் கண்டதை அமெரிக்கக் குழந்தைக்கும் அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது. ஆகவே நம் ஊர் நோய்களுக்கு நம் ஊரிலேயே சோதித்துப் பார்த்தாக வேண்டும். அதுவரை எதை வாங்கலாம், எதை வாங்க வேண்டாம் என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் குடலுக்குள் இருப்பவர்களைப் பற்றிக் கொஞ்சம். ஒரு மனித உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016-இல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நம் சொந்த உயிரணுக்கள் சுமார் 30 லட்சம் கோடி. அந்தப் பாக்டீரியாக்களில் பெரும்பகுதி பெருங்குடலில் வாழ்கிறது. நாம் செரிக்க முடியாமல் விட்ட நார்ச்சத்தை அவை நொதிக்க வைத்து பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலத்தை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவரில் இருக்கும் உயிரணுக்கள் தங்களுக்கு வேண்டிய ஆற்றலில் ஏறக்குறைய 70 சதவீதத்தை அந்த அமிலத்திலிருந்தே பெறுகின்றன. குடல் சுவர் இறுக்கமாக இருப்பதற்கும், நோய் எதிர்ப்பு அணுக்கள் தேவையில்லாமல் கொதித்தெழாமல் இருப்பதற்கும் இந்தப் பாக்டீரியாக்களின் துணை வேண்டும்.

வைரஸ் வந்தால் இந்த ஏற்பாடு பல வழிகளில் குலைகிறது. ரோட்டா வைரஸ் சிறுகுடலுக்குள் நேரடியாக இறங்கி, உணவை உறிஞ்சும் குடலுறிஞ்சிகளின் நுனியில் இருக்கும் முதிர்ந்த உயிரணுக்களை அழிக்கிறது. கோவிட் வைரஸ் நுழைவதற்குப் பிடித்துக்கொள்ளும் ஏசிஇ2 என்ற புரதம் நுரையீரலில் மட்டுமல்லாமல் சிறுகுடல் உயிரணுக்களிலும் ஏராளமாக உண்டு. நேரடியாகக் குடலைத் தொடாத வைரஸாக இருந்தாலும், காய்ச்சல் நாட்களில் பசி போய்விடும், சாப்பாடு வெறும் கஞ்சியாகிவிடும், நார்ச்சத்து ஏறக்குறைய நின்றுவிடும். இவற்றுக்கெல்லாம் மேலே, தேவையே இல்லாமல் விழுங்கும் ஆன்டிபயாடிக் மாத்திரை இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கோவிட் வந்தவர்களின் குடலை மிக உன்னிப்பாகப் பார்த்தவர்கள் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் ஃபிரான்சிஸ் சான், சியூ இங் ஆகியோரின் குழுவினர். கோவிட் நோயாளிகள் 100 பேரின் மலத்தை ஆராய்ந்து 2021-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு கவனிக்கத்தக்கது. பைஃபிடோபாக்டீரியா வகைகளும், பியூட்டிரேட் தரும் ஃபீகலிபாக்டீரியம் பிரௌஸ்னிட்ஸி போன்றவையும் குறைந்திருந்தன. வைரஸ் உடலை விட்டுப் போய் ஒரு மாதம் வரையிலும் அவை பழைய அளவுக்குத் திரும்பவில்லை. அடுத்த ஆண்டு வெளியிட்ட ஆய்வில் 106 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்திருந்தார்கள். ஆறு மாதம் கழித்தும் அவர்களில் 76 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு தொந்தரவு மிச்சம் இருந்தது. அசதி, மறதி, முடி கொட்டுதல், பதற்றம், தூக்கமின்மை. அப்படித் தொந்தரவு நீடித்தவர்களின் குடல் பாக்டீரியா அமைப்பு, முழுக்கக் குணமானவர்களுடையதிலிருந்து வேறாக இருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். இரண்டும் சேர்ந்து இருந்தன என்பதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று ஆகிவிடாது. உடம்பு தேறாததால் பாக்டீரியா திரும்பவில்லையா, பாக்டீரியா திரும்பாததால் உடம்பு தேறவில்லையா? இதை அறிய ஒரே வழி, பாக்டீரியாவைக் கொடுத்துப் பார்ப்பது. அதையும் அவர்கள் செய்தார்கள்.

2021 ஜூன் முதல் 2022 ஆகஸ்ட் வரை, கோவிட்டுக்குப் பின் தொந்தரவு நீடித்த 463 பேரைச் சேர்த்தார்கள். 232 பேருக்கு எஸ்ஐஎம்01 என்ற தூள், 231 பேருக்குப் போலித் தூள். யாருக்கு எது போகிறது என்று நோயாளிக்கும் தெரியாது, அவரைப் பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. அந்தத் தூளில் மூன்று பைஃபிடோபாக்டீரியாக்கள் இருந்தன: அடோலசென்டிஸ், பைஃபிடம், லாங்கம். கூடவே அவை தின்று வளர்வதற்கு மூன்று வகை செரிக்காத மாவுப்பொருட்கள். ஒரு பொட்டலத்தில் 1000 கோடி உயிருள்ள பாக்டீரியா. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, ஆறு மாதம் விடாமல். போலிப் பொட்டலத்தில் இருந்தது மிகக் குறைந்த அளவு வைட்டமின் சி.

ஆறு மாத முடிவில் 14 அறிகுறிகள் அடங்கிய கேள்வித்தாளை நிரப்பச் சொன்னார்கள். அசதி குறைந்ததாகச் சொன்னவர்கள் பாக்டீரியா பெற்ற குழுவில் 63 சதவீதம், போலித் தூள் பெற்ற குழுவில் 43 சதவீதம். மறதி குறைந்தவர்கள் 42-க்கு 27. மனதை ஒருமுகப்படுத்தும் சிரமம் குறைந்தவர்கள் 62-க்கு 38. வயிற்றுத் தொந்தரவு குறைந்தவர்கள் 70-க்கு 54. 2023 டிசம்பரில் 'லான்செட்' குழுமத்தின் தொற்றுநோய் இதழில் இது வெளியானது.

இந்த எண்களை மதிக்கிறேன். லாங் கோவிட் எனப்படும் இந்த நீடித்த தொந்தரவால் வேலைக்குப் போக முடியாமல் தவித்தவர்களைப் பார்த்தவன் நான். அவர்களுக்குக் கொடுக்க எங்கள் கையில் அதிகம் எதுவும் இருந்ததில்லை. ஆனால் அதே எண்களை இன்னொரு கண்ணாலும் பாருங்கள். போலித் தூள் குடித்தவர்களில் நூற்றுக்கு 43 பேருக்கு அசதி தானாகவே குறைந்திருக்கிறது. காலமும் ஓய்வும் சாப்பாடும் செய்த வேலை அது. பாக்டீரியா செய்த வேலை, அதற்கு மேலே உள்ள 20 பேர் மட்டும். இன்னும் சில செய்திகளும் உண்டு. சோதனை ஒரே மையத்தில் நடந்தது. ஒட்டுமொத்த வாழ்க்கைத் தரத்திலும் உடல் உழைப்பின் அளவிலும் இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. பாக்டீரியாவும் அதன் தீனியும் சேர்த்தே கொடுக்கப்பட்டதால், பலன் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆய்வை நடத்திய முதன்மை ஆய்வாளர்கள், இதே துறையில் இயங்கும் ஒரு நிறுவனத்தின் நிறுவனர்களும் கூட. அதை அவர்களே அறிவித்திருக்கிறார்கள், மறைக்கவில்லை. இருந்தாலும் வேறொரு ஊரில், வேறொரு குழு இதைத் திரும்பச் செய்து அதே பலனைக் கண்டால்தான் நம்பிக்கை முழுமை பெறும்.

முக்கியமான இன்னொன்று: இந்தச் சோதனை கோவிட்டுக்கு. டெங்குக்குப் பிறகு வரும் அசதிக்கோ, சிக்குன்குனியாவுக்குப் பிறகு மாதக்கணக்கில் நீளும் மூட்டு வலிக்கோ இது ஆதாரம் ஆகாது.

இப்போது குழந்தைகளிடம் வருவோம். நம் வீடுகளில் 'நல்ல பாக்டீரியா' அதிகம் செலவாவது குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரும்போதுதான். உலகத்தில் அதிகம் சோதிக்கப்பட்ட பாக்டீரியாக்களில் ஒன்று லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் ஜிஜி. 1983-இல் பாஸ்டனில் கோர்பாக், கோல்டின் என்ற இரு ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தது. அவர்கள் பெயரின் முதல் எழுத்துகளே அந்த ஜிஜி. சிறு சிறு ஆய்வுகள் பல, இது பேதியைச் சுமார் ஒரு நாள் குறைக்கிறது என்று சொல்லி வந்தன. உலகெங்கும் மருத்துவர்கள் எழுதினார்கள், நாங்களும் எழுதினோம்.

2018 நவம்பரில் 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்' இரண்டு பெரிய சோதனைகளை ஒரே நேரத்தில் வெளியிட்டது. ஒன்று அமெரிக்காவில், 10 மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்கு வந்த 971 குழந்தைகளிடம் இதே ஜிஜி பாக்டீரியாவை வைத்துச் செய்தது. பாக்டீரியா பெற்றவர்களில் 11.8 சதவீதக் குழந்தைகளுக்கு நோய் நடுத்தரம் முதல் கடுமை வரை போனது. போலி மருந்து பெற்றவர்களில் 12.6 சதவீதம். அதாவது ஏறக்குறைய ஒன்றுதான். மற்றொன்று கனடாவில் 886 குழந்தைகளிடம், வேறு இரண்டு லாக்டோபேசில்லஸ் வகைகளைக் கலந்து கொடுத்தது. அங்கே 26.1 சதவீதம், 24.7 சதவீதம். பலன் இல்லை. இதைத் தொடர்ந்து 2020-இல் அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவச் சங்கம், வட அமெரிக்காவில் குழந்தைகளின் தொற்றுப் பேதிக்கு இந்தப் பாக்டீரியாக்களைத் தர வேண்டாம் என்று பரிந்துரைத்தது.

இதோடு கதை முடிந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் வேலூரைப் பாருங்கள். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பேதியால் வந்த 124 குழந்தைகளுக்கு நான்கு வாரம் இதே ஜிஜி பாக்டீரியாவையோ போலி மருந்தையோ கொடுத்தார்கள். அந்தக் குழந்தைகளில் 82 பேருக்கு ரோட்டா வைரஸ். 2014-இல் முடிவு வந்தது. ரோட்டா வைரஸ் வந்த குழந்தைகளில், பாக்டீரியா பெற்றவர்களில் 25 சதவீதம் பேருக்குப் பேதி திரும்ப வந்தது. பெறாதவர்களில் 46 சதவீதம். குடல் சுவரின் நிலையும் பாக்டீரியா பெற்றவர்களிடம் மேலாக இருந்தது. சிறிய சோதனைதான், அதை வைத்துப் பறைசாற்ற முடியாது. ஆனால் அமெரிக்கச் சோதனை கேட்ட கேள்வியும் வேலூர் கேட்ட கேள்வியும் வேறு. அங்கே, வந்த பேதி எவ்வளவு கடுமையாகிறது என்று பார்த்தார்கள். இங்கே, குணமாகிப் போன குழந்தை மறுபடி விழுகிறதா என்று பார்த்தார்கள். திரும்பத் திரும்பப் பேதி வந்து எடை இழக்கும் குழந்தைகள் உள்ள நாட்டில், இரண்டாவது கேள்விதான் உயிர்நாடி.

ஊருக்கு ஊர் குடல் வேறு என்பதற்கு ரோட்டா வைரஸ் தடுப்பூசியே சாட்சி. வாய்வழிச் சொட்டாகத் தரும் இந்தத் தடுப்பு மருந்து பணக்கார நாடுகளில் 85 சதவீதத்துக்கு மேல் பலன் தருகிறது. டெல்லியிலும் புனேயிலும் வேலூரிலும் 6,799 குழந்தைகளிடம் சோதித்த நம் ரோட்டாவேக் மருந்து, முதல் வயதில் கடுமையான ரோட்டா பேதியை 56 சதவீதம் தடுத்தது. அதுவே எத்தனையோ உயிர்களைக் காக்கும் அளவு. 2017 முதல் தமிழ்நாட்டு அரசுத் தடுப்பூசித் திட்டத்திலும் ரோட்டா சொட்டு மருந்து இருக்கிறது. ஆனால் ஏன் இந்த வித்தியாசம்? தாய்ப்பாலில் உள்ள எதிர்ப்புப் புரதம், ஊட்டக்குறை, ஓயாத குடல் தொற்று, குடல் பாக்டீரியாவின் அமைப்பு என்று பல காரணங்களை ஆராய்கிறார்கள். வேலூரில் 620 கைக்குழந்தைகளுக்குத் தடுப்பு மருந்தோடு துத்தநாகமும் ஜிஜி பாக்டீரியாவும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களிடம் சிறிய முன்னேற்றம்தான் தெரிந்தது. ஒரு பாக்டீரியாவைக் கூடுதலாகக் கொடுத்து ஒரு குழந்தையின் குடலை மாற்றிவிட முடியாது என்பது அதில் நாம் கற்க வேண்டிய பாடம்.

இனி ஆன்டிபயாடிக். வைரஸை எந்த ஆன்டிபயாடிக்கும் கொல்லாது. 2023 மார்ச்சில், எச்3என்2 காய்ச்சல் பரவியபோது, சளி இருமல் காய்ச்சலுக்கு அசித்ரோமைசின், அமாக்சிக்ளாவ் போன்றவற்றை எழுத வேண்டாம் என்று இந்திய மருத்துவச் சங்கமே மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. இருந்தும் மூன்று நாள் காய்ச்சலுக்கு மருந்துக் கடையிலேயே அசித்ரோமைசின் பட்டை வாங்கிக்கொள்கிறோம். அது வைரஸை விட்டுவிட்டு, குடலில் வேலை செய்துகொண்டிருந்த பாக்டீரியாக்களைக் கொல்கிறது. பிறகு, போனதை ஈடுகட்ட என்று புரோபயாடிக் எனப்படும் இதே 'நல்ல பாக்டீரியா'வை வாங்குகிறோம்.

அப்படி ஈடுகட்ட முடிகிறதா? பாதி முடிகிறது. ஆன்டிபயாடிக் சாப்பிடும் குழந்தைகளுக்கு வரும் பேதியைப் புரோபயாடிக் குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. 33 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் குழு 2019-இல் சொன்னது: பாக்டீரியா பெற்றவர்களில் 8 சதவீதம், பெறாதவர்களில் 19 சதவீதம் பேருக்குப் பேதி. ஆனால் பேதி நிற்பது வேறு, பழைய பாக்டீரியாக்கள் திரும்புவது வேறு. இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிலையம் 2018-இல் 21 தன்னார்வலர்களிடம் செய்த ஆய்வில், ஆன்டிபயாடிக் முடிந்தபின் 11 வகை பாக்டீரியா கொண்ட புரோபயாடிக்கைச் சாப்பிட்டவர்களின் சொந்த பாக்டீரியாக்கள் திரும்புவது தாமதமானது. எதுவும் சாப்பிடாதவர்களின் குடல் அவர்களைவிட முன்னதாகவே பழைய நிலைக்கு வந்தது. வயலில் நட்ட பயிர் எல்லாம் போனபிறகு ஒரே விதையை அள்ளித் தூவினால், வரப்போரத்தில் மிஞ்சிய பழைய விதைகள் முளைக்க இடம் இல்லாமல் போகும் அல்லவா, அதுதான் அங்கே நடந்தது. தேவையில்லாத ஆன்டிபயாடிக்கைத் தவிர்ப்பதுதான் குடலுக்கு நாம் செய்யும் முதல் உபகாரம்.

'பலன் இருந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டால் கெடுதல் ஒன்றும் இல்லையே' என்று பலர் சொல்கிறார்கள். நல்ல உடம்புள்ளவருக்கு அது பெரும்பாலும் சரி. எல்லோருக்கும் சரி இல்லை. நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி வந்த 298 பேரிடம் நடந்த சோதனையில், பாக்டீரியா பெற்றவர்களில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள். பெறாதவர்களில் 6 சதவீதம். 2008-இல் இது வெளிவந்தபோது மருத்துவ உலகம் அதிர்ந்தது. 2023-இல், ஒரு குறைமாதக் குழந்தை புரோபயாடிக்கில் இருந்த பாக்டீரியாவே இரத்தத்தில் பரவி இறந்த பின், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது. குறைமாதக் குழந்தைகள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்றம் செய்தவர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்கள், கழுத்துச் சிரையில் குழாய் போட்டிருப்பவர்கள் ஆகியோருக்கு மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பொட்டலத்தைக் கொடுக்கவே கூடாது.

மற்றவர்கள் வாங்குவதற்கு முன் பொட்டலத்தைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். பாக்டீரியாவின் இனப் பெயர் மட்டும் போட்டிருந்தால் போதாது. இனம், வகை, அதன் பிறகு எழுத்தோ எண்ணோ சேர்ந்த தனி அடையாளம், மூன்றும் வேண்டும். ஒரே இனத்தில் ஒன்று பலன் தரும், அடுத்தது தராது. அடுத்து, எத்தனை கோடி உயிருள்ள பாக்டீரியா என்ற கணக்கு. அது தயாரித்த நாளுக்கா, காலாவதி நாள் வரைக்குமா என்று பாருங்கள். குளிர்பெட்டியில் வைக்கச் சொன்னதை வெயிலில் வைத்து விற்கும் கடையில் வாங்காதீர்கள். பிறகு மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: "இது எந்த நோய்க்குச் சோதிச்சது? எத்தனை நாள் சாப்பிடணும்? எப்போ நிறுத்தணும்?" நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார்.

சாப்பாட்டைப் பற்றியும் கேட்பீர்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 36 பேரிடம் நடந்த ஆய்வில், பத்து வாரம் தயிர், கிம்ச்சி போன்ற புளித்த உணவுகளை அதிகம் சாப்பிட்டவர்களின் குடல் பாக்டீரியா வகைகள் பெருகின. அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. 2021-இல் வெளிவந்த இந்த ஆய்வு ஆரோக்கியமானவர்களிடம் நடந்தது. நோயிலிருந்து எழுபவர்களிடம் அல்ல. இட்லி நல்ல உணவு, ஆனால் மாவில் இருந்த பாக்டீரியா ஆவியில் வெந்து செத்துவிடும். தயிரிலும் மோரிலும் பழைய சோற்றிலும் உயிரோடு இருக்கும். பசி திரும்பியதும் கஞ்சியிலேயே நின்றுவிடாமல் பருப்பு, கீரை, காய், வாழைப்பழம் என்று நார்ச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மிஞ்சியிருக்கும் சொந்த பாக்டீரியாக்களுக்கு அதுதான் தீனி.

தாய்மார்களே, ஒன்றை மட்டும் மனதில் இருத்திக்கொள்ளுங்கள். பேதி வந்த குழந்தையைக் கொல்வது நீரிழப்பு. 1971-இல், வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலை வாய்வழி கொடுத்து, சுமார் 30 சதவீதமாக இருந்த சாவை 4 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தார். அதுவே இன்றைய ஓஆர்எஸ். பெரிய பொட்டலம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீர், சின்னப் பொட்டலம் என்றால் 200 மில்லி. பொட்டலத்தில் போட்ட அளவைவிடக் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். கூடவே 14 நாள் துத்தநாகம்: ஆறு மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம், அதற்குக் கீழ் 10 மில்லிகிராம். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. சர்க்கரை பானங்களின் பெயரில் ஓஆர்எஸ் என்று போடுவதை 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை செய்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வாய்பாடு என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவு மிகக் குறைவு, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். பாக்டீரியா குப்பி வாங்கக் கையில் இருந்த காசு போய், ஓஆர்எஸும் துத்தநாகமும் வாங்காமல் வருகிற தாயைப் பார்க்கும்போது என் மனம் கொதிக்கிறது. அந்தக் கோபம் அவர் மேல் இல்லை. வரிசை மாற்றிச் சொல்லிக் கொடுத்த எங்கள் மேல்தான்.

மாணவர்களே, கடைசியாக உங்களுக்கு. டெங்கு முடிந்து தளர்ந்துபோன ஒருவர், சிக்குன்குனியா முடிந்து மூட்டு பிடிக்கும் ஒரு பாட்டி, இரண்டாம் முறை பேதியோடு வரும் ஒரு குழந்தை: இவர்களுக்குப் பாக்டீரியா உதவுமா என்ற கேள்விக்கு விடை ஹாங்காங்கிலிருந்தோ கனடாவிலிருந்தோ வராது. போலி மருந்தோடு ஒப்பிட்டு, யாருக்கு எது என்று மறைத்து, நேர்மையாகச் சோதிக்கும் திறமை நம்மிடம் உண்டு. வேலூர் அதை உலகத்துக்குக் காட்டியிருக்கிறது. ஒவ்வொரு மாவட்ட மருத்துவக் கல்லூரியிலும் மழைக்காலம்தோறும் நூற்றுக்கணக்கில் காய்ச்சல் நோயாளிகள் படுத்திருக்கிறார்கள். உங்கள் முதுகலை ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தால், அவர்களிடமிருந்து தொடங்குங்கள். பலன் உண்டு என்று வந்தால், அதை ஏழைக்கும் எட்டும் விலையில் தரச் சொல்லி அரசிடம் கேட்போம். இல்லை என்று வந்தால், அந்தக் காசு பருப்புக்கும் பழத்துக்கும் போகட்டும் என்று மக்களிடம் துணிந்து சொல்வோம்.